திறந்து காட்டும் மேசை

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. பழைய கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில், ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்து கியர் பெட்டியின் போல்ட்டைக் கழற்றியபடி கிளட்ச் தன் அக்காள் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தான். காலையில் முதல் ஆளாக வந்து எல்லார் உயிரையும் வாங்குகிற மனிதர் அன்று இன்னும் வந்தபாடில்லை. வரமாட்டார், வந்தால் அந்த சிலிண்டரைத் திறக்க வேண்டியிருக்குமே என்று காருக்குக் கேட்கும்படி அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது.

"உன் மச்சான் போயிட்டாரு" என்றாள் அக்கா.

"எங்க போயிட்டாரு?" என்று எரிச்சலோடு கேட்டான். அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் முதலில் வந்தது துக்கம் இல்லை. தப்பித்துவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

தெருவில் அவர்கள் இருவருக்கும் அவரவர் வேலையே பேராகிவிட்டது. மச்சான் பிரேக்காரர். மைத்துனன் கிளட்ச். பிரேக்கை வலது கால் மிதிக்கும், கிளட்சை இடது கால் மிதிக்கும், இரண்டையும் சேர்த்து மிதிப்பது அந்த அக்காதான் என்று எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிரேக்காரர் ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை. அவர் எதற்குமே சிரித்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு காலத்தில் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார். மைத்துனனுக்கு அப்போது வேலை வெட்டி எதுவும் இல்லை. இவனையும் சேர்த்துத்தான் கட்டிக்கிட்டேன் போலிருக்கு என்று சொல்லிக்கொண்டே அவனைப் பட்டறைக்குள் விட்டார். அந்தப் பேச்சைத்தான் அவன் முதல் சம்பளமாக எடுத்துக்கொண்டான். எஞ்சின், கியர், கிளட்ச் எல்லாம் அவன் பார்ப்பான். பிரேக்கை மட்டும் அவர் யாரையும் தொட விடமாட்டார்.

வருகிற வண்டிகள் எல்லாம் கிழடுகள். அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்த கம்பெனிகளே இழுத்து மூடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியைப் புது நகை மாதிரி பளபளக்கவைத்துக் கொண்டுவருவார்கள். பிரேக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பெடலை ஒரே ஒரு முறை மிதிப்பார். "பூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நிக்கத்தான் தெரியல" என்பார். அதுதான் அவர் வாடிக்கையாளரை வரவேற்கும் விதம். பட்டறைக்குள் ஹாரன் அடித்த ஒருவரை அப்படியே பின்னால் எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். சந்தையில் விற்கிற, பிரேக்குக்கான போலி ரப்பர் கப்பைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னால், அதை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, கொண்டுவந்தவர் காலடியிலேயே துப்புவார். இவ்வளவுக்கும் பிறகு அவரிடமே வந்தார்கள். அவர் கைவைத்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

வேலை என்னவோ சின்னதுதான். பெடலை மிதித்தால் ஒரு கம்பி போய் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் முகத்தில் ஒரு ரப்பர் கப். அது எண்ணெயை நான்கு சக்கரத்துக்கும் நெட்டித் தள்ளும். காலை எடுத்ததும் கப் பின்வாங்கும். மிச்ச எண்ணெய் ஊசித் துளை ஒன்றின் வழியாக மேலே இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்கு ஏறிக்கொள்ளும். பழைய சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்து அம்மைத் தழும்பு விழுந்திருக்கும். பிரேக்காரர் அதைக் குடைந்து, உள்ளே பித்தளைக் குழல் ஒன்றை இறக்குவார். குழல் இறங்கியதும் ஊசித் துளை அடைபட்டுப்போகும். மேலிருந்து மறுபடி துளைக்க வேண்டும். துளைத்தால் உள்பக்கம் பிசிறு நிற்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில். அதை வழித்து எடுக்காமல் விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் ரப்பரின் விளிம்பு அதன்மேல் உரசி உரசிக் கிழியும். அப்புறம் ஒருநாள் பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி மட்டும் நிற்காது.

பிசிறு போய்விட்டதா என்று பார்க்க ஒரே வழிதான். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். பிரேக்காரர் அந்த விரலின் நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். அந்த ஒரு நிமிஷம்தான் அவர் வாயிலிருந்து வசவு வராத நிமிஷம்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். அங்கே செய்த வேலை வெளியே போய்க் கெட்டால், அந்தச் சாமானை வாசலோரத்து மேசையில் வைத்து, வண்டிக்காரர் கண்முன்னால் திறக்க வேண்டும். செய்தவன் எழுந்து நின்று, என்ன தப்பு, யார் செய்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மறுவேலை தொடங்கும். தன் பேரைத் தானே இரண்டு முறை அந்த மேசைமுன் நின்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போதும் வண்டிக்காரரைத் திட்டுகிற தொனியில்தான் சொன்னார்.

கிளட்சுக்கும் ஒருநாள் அந்த மேசை வாய்த்தது. பிரேக்காரர் இல்லாத நேரத்தில் அவசரத்துக்கு ஒரு வண்டியின் பிரேக் தொட்டியில் எண்ணெய் ஊற்றினான். ஊற்றியது எஞ்சின் எண்ணெய். ரப்பர் எல்லாம் உப்பிப்போய், அந்த வண்டி நடுச்சாலையில் நான்கு சக்கரமும் இறுகி நின்றுவிட்டது. மேசையைச் சுற்றி வண்டிக்காரர், இரண்டு டிரைவர்கள், கிளாஸைக் கையில் வைத்தபடி டீக்கடைக்காரர். கிளட்ச் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சொல்லு மாப்ளே. வாயில என்ன பூட்டா தொங்குது?" என்றார் பிரேக்காரர்.

சொன்னான். காதில் விழவில்லை, இன்னும் சத்தமாக என்றார். சத்தமாகச் சொன்னான். "இவன் அக்காவைக் கட்டினதுக்கு எனக்கு இது சீதனம்" என்று அவர் டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிளட்ச் அக்கா வீட்டில் கைநனைப்பதில்லை. வாசல் அறைவரைக்கும் வருவான், நின்றபடியே பேசுவான், போய்விடுவான். அக்கா எத்தனையோ தடவை தட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். அந்த ஆள் சாகட்டும், அப்புறம் உட்கார்ந்து சாப்பிடுறேன் என்று ஒருமுறை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவளும் தம்பியிடம் அளந்துதான் பேசினாள் அதற்குப் பிறகு.

ஆனாலும் இருவரும் ஒரே கொட்டகைக்குள்தான் வேலை பார்த்தார்கள். ஸ்பானர் வேண்டுமென்றால் கேட்டு வாங்கமாட்டார்கள். எடுத்துக்கொள்வார்கள். பேசினால் குத்தல்தான். அதிலும் கடைசி ஒரு வருஷமாகப் பிரேக்காரருக்குப் புதிதாக ஒரு குத்தல் கிடைத்திருந்தது. குழல் இறக்கி முடித்த சிலிண்டரை கிளட்சின் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"விரல விட்டுப் பாரு மாப்ளே. அந்த மரக்கட்டைக்கு ஏதாவது உறைக்குதான்னு பாப்போம்."

பல தடவை பார்த்தான். பிசிறு இருக்கு என்பான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போய் மறுபடி வழிப்பார். தன்னைப் பரீட்சை வைத்துக் கேலி செய்கிறார், வேண்டுமென்றே பிசிறை விட்டுவைத்து நீட்டுகிறார் என்று அவனுக்குப் பட்டது. ஸ்டுடியோக்காரர் ஒருவரின் வண்டிச் சிலிண்டரை நீட்டியபோது அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டான். "என் விரல் எதுக்கு மச்சான்? உங்க விரலு என்ன ஊருக்குப் போயிருக்கா?" என்று கேட்டான். பிரேக்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திட்டாமல் திரும்பிப் போனார். அதை அவன் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு, அன்று மாலை டீக்கடையில் நடித்தும் காட்டினான்.

அந்த ஸ்டுடியோக்காரர் படப்பிடிப்புக்கும் விளம்பரத்துக்கும் பழைய காரை வாடகைக்கு விடுபவர். பிரேக் வேலை முடிந்து அவர் வண்டியை ஓட்டிப்போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு சரிவில் பெடல் தரையைத் தொட்டது. கைபிரேக்கை இழுத்தும் வண்டி ஒரு கிடங்கின் மதிலில் போய்த்தான் நின்றது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டி மதிலைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் அங்கே பள்ளிக்கூட வாசல்.

வண்டியை இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். பிரேக்காரர் சிலிண்டரைக் கழற்றினார். கழற்றி, திறக்காமல், துணியில் சுற்றித் தன் பெட்டிக்கு மேல் வைத்தார். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். ஸ்டுடியோக்காரர் கட்டுப்போட்ட தோளோடு வந்து நின்றபோது, எலும்பு கூடட்டும், அப்புறம் பாக்கலாம் என்று உள்ளே போய்விட்டார். கிளட்சுக்கு அது கரும்பாக இனித்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக மேசையைத் துடைத்து வைப்பான். "மேசை ரெடி மச்சான்" என்பான். மத்தியானம் ஒருமுறை சொல்வான். பூட்டும்போது ஒருமுறை சொல்வான். பிரேக்காரர் அந்த நாட்களில் யாரையும் திட்டவில்லை. லேத்தைப் போட்டுவிட்டு எதையும் கடையாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

கிளட்ச் போனபோது உடலை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வந்திருந்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கிட்டப் போகாமலே தெரிந்தது. கடைசியில் அவர் கைவச்ச வண்டியே நிக்கலையாமே என்றது ஒரு குரல். இவனைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா அழவில்லை. அவனை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவன் அந்த வீட்டின் வாசல் அறையைத் தாண்டிப் போனான்.

"அந்த சிலிண்டரை எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுரு" என்றாள்.

அது எப்படி, வண்டிக்காரர் கேட்கமாட்டாரா, பட்டறை வழக்கம்னு ஒன்று இருக்கிறதே என்று அவன் இழுத்தான். வழக்கம் என்று சொல்லும்போது உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கே இதுக்கு? செத்த மனுஷனை எழுப்பி நிறுத்திப் பேர் சொல்லணுமா உனக்கு? அதை நீ திறந்தேன்னா அதோட சரி. நீ எனக்குத் தம்பி இல்ல."

அவன் வெளியே வந்தான். வாசலில் ஸ்டுடியோக்காரர் நின்றிருந்தார். கட்டுப்போட்ட கையால் கும்பிட முடியாமல் தலையை மட்டும் தாழ்த்தினார். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் எதனால் நிற்கவில்லை என்று தெரியாமல் அந்த வண்டியில் இனிமேல் யாரையும் ஏற்ற மனசு வராது என்றார். நியாயமான பேச்சு. கிளட்ச் அடுத்த வாரம் வரச் சொன்னான்.

அந்த ஒரு வாரமும் பெட்டிமேல் அந்தத் துணிச்சுருள் இருந்தது. ஆற்றில் போட்டிருக்கலாம். பழைய இரும்பில் கலந்திருக்கலாம். வேறு ஒரு கிழிந்த குழாயைக் காட்டி, இதுதான் வெடித்தது என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இதையெல்லாம் அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் மேசைமுன் தலைகுனிந்து நின்ற நாள் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து நின்றது. நான் சொன்னேன் இல்லையா, இன்னும் சத்தமா என்று கேட்டீர்கள் இல்லையா, இப்போது உங்கள் முறை மச்சான் என்று காலி லேத்தைப் பார்த்து முணுமுணுத்தான்.

ஸ்டுடியோக்காரர் சொன்னபடி வந்தார். கிளட்ச் மேசையில் துணியைப் பிரித்தான். பிஸ்டனைத் தாங்கும் வளையத்தைக் கழற்றியபோது தெருவில் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா. சாவு நடந்த வீட்டிலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று அவனும் சொல்லவில்லை, நிறுத்து என்று அவளும் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே பிஸ்டனை வெளியே இழுத்தான்.

ரப்பர் கப்பின் விளிம்பில் மேல்பக்கமாக ஒரு வெட்டு. நேர்கோடாக, பிளேடால் கீறியதுபோல். ஊசித் துளை இருக்கும் இடத்துக்கு நேரே. கிளட்ச் சுண்டுவிரலை உள்ளே விட்டான். தடவவே வேண்டியிருக்கவில்லை. முள் குத்துவதுபோலக் குத்தியது. இவ்வளவு பெரிய பிசிறை அந்த மனிதர் எப்படி விட்டார் என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. கூடவே நெஞ்சுக்குள் ஒரு குதூகலமும் எழுந்தது. எழுந்து நின்றான்.

"துளையில பிசிறு எடுக்கல. அதுதான் ரப்பரை அறுத்திருக்கு" என்றான் ஸ்டுடியோக்காரரிடம், தேவைக்கு மேலேயே சத்தமாக. "வேலை செஞ்சவரு..."

"அவருக்கு அந்த விரல் செத்துப் போச்சு" என்றாள் அக்கா வாசலிலிருந்து.

ஸ்டுடியோக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. தம்பியிடம்தான் பேசினாள். ஒரு வருஷத்துக்கு மேலாகவே வலது கையில் பாதி மரத்துவிட்டது, நரம்புக் கோளாறு, இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லியாயிற்று, சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள் என்றாள். அடுப்பில் சுட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் நின்றாராம் ஒருநாள்.

"அதனாலதான் உன்னைத் தொட்டுப் பாக்கச் சொன்னாரு. எத்தனையோ வண்டிக்கு நீ தொட்டுச் சொன்னே, அவர் வழிச்சாரு. இந்த வண்டிக்குத் தொட்டியா?"

கிளட்சுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையில் இருந்த பிஸ்டனை மேசையில் போட்டான்.

"கேக்குற மாதிரியா கேட்டாரு? மரக்கட்டைன்னாரு என்னை. விரல் மரத்துப் போச்சு மாப்ளே, நீ பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உன்கிட்டயா? சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? அன்னைக்கே டீக்கடையில நடிச்சுக் காட்டியிருப்பே."

எதிர்ப்பக்கம் டீக்கடைக்காரர் பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தார். கிளட்ச் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லத்தான் திறந்தான். அக்கா காத்திருந்தாள். அவள் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்தான் அவனுக்கு மிகவும் கோபம் வந்தது. அந்த மனிதர் மீதும், இவள் மீதும். தெரிந்தே வண்டி வண்டியாக வெளியே அனுப்பியிருக்கிறார். சரிவில் ஒருவர் செத்தே போயிருக்கலாம். வீட்டில் ஒருத்திக்கு அது தெரிந்திருக்கிறது. இவர்கள் வைத்த மேசையில் தான் மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? அதைக் கேட்டும் விட்டான்.

"நீயும்தானே வாயைத் திறக்கல?"

"ஆமா" என்றாள் அக்கா. "திறக்கல."

யார் பேரும் எனக்கு வேண்டாம், வண்டி நின்றால் போதும் என்று ஸ்டுடியோக்காரர்தான் கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டு, பழுது முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று நடந்தார். அந்த மேசையில் திறந்த சாமானுக்குப் பேர் சொல்லப்படாமல் போனது அதுதான் முதல் தடவை. அக்கா லேத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கணவரின் அழுக்குச் சட்டையை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில், பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வர வேண்டாம் என்று சாதாரணக் குரலில் சொன்னாள். கிளட்சும் வரேன்னு யார் சொன்னா என்றான். அவன் போகவில்லை. அவள் ஆள் அனுப்பவும் இல்லை.

அந்தச் சிலிண்டரைக் கிளட்ச் தானே எடுத்துச் செய்தான். முனை வளைந்த மெல்லிய அரத்தை உள்ளே விட்டு, துளையின் விளிம்பை வழித்தான். மண்ணெண்ணெயில் கழுவி, விரலை விட்டுத் தடவினான். வழவழப்பாகத்தான் இருந்தது. மறுபடி வழித்தான், மறுபடி தடவினான். வழித்தவன் விரலை நம்பி ஒரு வண்டியை வெளியே அனுப்புவதில்லை என்று அவனுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்திருந்தது. பட்டறையில் இன்னொரு விரல் இல்லை. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டான். அவரும் ஆர்வமாக வந்து நீட்டினார். ஆனால் அவர் சுண்டுவிரல் குழலின் வாயைத் தாண்டி உள்ளே போகவில்லை. பத்து வருஷம் முன்னாடி கூப்பிட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டு அவர் கிளாஸ் கழுவப் போனார்.

அக்காவின் விரல்கள் ஒல்லி. ஆறு தெரு தள்ளித்தான் வீடு. ஸ்டுடியோக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு சார் என்று கிளட்ச் சொல்லியிருக்கிறான். புது ரப்பர் கப் உறை பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் சிலிண்டர். அதன் துளையை இரண்டாவது ஆள் யாரும் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.